படிப்பவருக்குப் பக்கத்தில் ஒருவர்

 

பதுளையில் ஒரு பெண் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று தெரிந்துவிட்டால், அவளிடம் முதலில் மருந்துதான் கேட்பார்கள். "டொக்டருக்குப் படிக்கிறீங்களாமே, இந்த முழங்கால் நோவுக்கு என்ன செய்றது?" என்று கல்யாண வீட்டிலும் மௌத்து வீட்டிலும் என்னைக் கேட்டவர்கள் பலர். இது வேறு டொக்டர், நான் கல்வித் துறையில் ஆய்வு செய்கிறேன் என்று விளக்கினால் இரண்டாவது கேள்வி வரும்: "டீச்சராத்தானே இருக்கிறீங்க, இன்னும் என்னத்தப் படிக்க?"

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்கு நிதானமாகப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் நாளை ஒரு மகளோ மருமகளோ இந்தப் படிப்புக்கு ஆசைப்படலாம். அப்போது இது உங்களுக்கு உதவக்கூடும்.

நம் நாட்டின் தகைமைச் சட்டகம் கல்வித் தகைமைகளை 12 மட்டங்களாக அடுக்கியிருக்கிறது. க.பொ.த. சாதாரண தரம் முதலாம் மட்டம், உயர்தரம் இரண்டாம் மட்டம், கலாநிதிப் பட்டம் பன்னிரண்டாம் மட்டம். உயரம் பெரிதாகத் தெரிகிறது அல்லவா? ஆனால் உள்ளே நுழைந்து பார்த்தால் அது மிகவும் தனிமையான படிப்பு. மணி அடிப்பதில்லை. பக்கத்து வாங்கில் தோழி இல்லை. இந்த நூலைப் படித்து முடித்தால் போதும் என்று சொல்லும் பாடநூலும் இல்லை. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதை உலகில் யார் யார் எப்படிக் கேட்டிருக்கிறார்கள் என்று தேடி, பின்பு களத்துக்குப் போய் நாமே பார்த்து, பார்த்ததை ஆதாரத்தோடு எழுத வேண்டும். முழுநேரமாகப் படித்தாலே குறைந்தது மூன்று ஆண்டுகள். என்னைப் போல வேலை, வீடு, பிள்ளைகள் என்று இருப்பவர்களுக்கு அது ஆறாகும், ஏழாகும்.

நான் ஆசிரிய ஆலோசகராகப் பணிபுரிகிறேன். தமிழ்மொழிப் பாடசாலைகளுக்குப் போய், அங்கே கற்பித்தல் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதும் ஆசிரியர்களுக்கு உதவுவதும் என் தொழில். அப்படிப் போய்வந்த இடங்களில் பெரும்பாலானவை தோட்டப் பாடசாலைகள். 2019 இறுதியில் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது என் கேள்வியும் அங்கிருந்தே பிறந்தது: தோட்டப் பிள்ளையின் கையில் ஒரு கருவியைக் கொடுத்தால் அது எப்போது படிப்பாக மாறுகிறது? எப்போது வெறும் கருவியாகவே நின்றுவிடுகிறது?

ரயில் வந்தது, பள்ளிக்கூடம்?

இந்தக் கேள்வியின் கனம் விளங்க வேண்டுமானால் ஊவாவின் கதையைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, லுணுகலை, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று பதுளை மாவட்டத்தில் எந்தத் திசையில் போனாலும் தேயிலைதான். அந்தத் தேயிலையை இறக்கிக் கொண்டுபோக, மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்து, 1924இல் பதுளை வரை ரயில் பாதை போட்டார்கள். கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வந்து சேர அதைவிட நெடுங்காலம் ஆனது.

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வசதி செய்யும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது. பல இடங்களில் அது ஒரு கூரை, ஒரு வாத்தியார், சில மணி நேரம் என்பதோடு நின்றுவிட்டது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டையே மாற்றியபோதும், தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் நிர்வாகங்களின் கையிலேயே கிடந்தன. 1970களில் காணிச் சீர்திருத்தத்துக்குப் பின்னர்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1980களில் சுவீடனின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. அதன் பின் ஜெர்மனியின் உதவியோடு கொட்டகலைக்கு அருகில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தது. மலையகப் பிள்ளைகளே ஆசிரியர்களாகப் பயிற்சி பெற்று வெளியே வந்தார்கள். இந்த நீண்ட வரலாற்றை லண்டன் பல்கலைக்கழகப் பேராசிரியை அஞ்சலா லிட்டில் 1999இல் 'லேபரிங் டு லேர்ன்' என்ற நூலாக எழுதினார். என் துறையில் ஆய்வு செய்பவர்கள் தவிர்க்க முடியாத நூல் அது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பிந்தித்தான் இவர்களுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. 2020இல் புதிய யுகம் கைத்தொலைபேசி வடிவில் வந்தபோது, அதிலும் இவர்கள் பிந்திவிடுவார்களா? என் ஆய்வின் உயிர் இந்த அச்சத்தில்தான் இருந்தது.

பாறை மேல் பாடசாலை

2020 மார்ச் 13 முதல் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. கணினி அறைகளைப் பற்றி எழுதவென்று நான் திட்டமிட்டிருந்த ஆய்வு அன்றோடு படுத்துவிட்டது. கணினி அறைகள்தான் பூட்டிக் கிடந்தனவே! மேற்பார்வையாளர் தொலைபேசியில் சொன்னார்: "கருவி இப்போது லயத்துக்கே போய்விட்டது. நீங்களும் அங்கே போங்கள்." கட்டுப்பாடுகள் தளர்ந்த இடைவெளிகளில் நான் போனேன்.

லயம் என்றால் என்னவென்று தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள். ஓர் அறையும் ஒரு சிறு குசினியும் ஒரு குடும்பத்துக்கு. அங்கே ஒரு வீட்டில் ஒரு ஸ்மார்ட் போன் இருந்தால் அது தகப்பனிடம் இருக்கும். அவர் வேலை முடிந்து வரும்போது இருட்டிவிடும். தரம் 4, தரம் 7, தரம் 10 என்று மூன்று பிள்ளைகள் அந்த ஒரு போனுக்குக் காத்திருப்பார்கள். ஆசிரியர் காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாடம் இரவு எட்டு மணிக்குத் திறக்கப்படும். ரீலோட் தீர்ந்திருந்தால் திறக்கப்படாது. கவரேஜ் தேடி மலைக்கு ஏறிய பிள்ளைகளை நானே கண்டிருக்கிறேன்.

எங்கள் மாவட்டத்துப் போஹிட்டியாவ கிராமத்தின் கதை 2021 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் மூலம் உலகெங்கும் போனது. அங்குள்ள ஆசிரியை ஒருவரும் பிள்ளைகளும் மூன்று கிலோமீற்றருக்கு மேல் காட்டு வழியே நடந்து, ஒரு பாறையின் மேல் ஏறித்தான் இணையத் தொடர்பைப் பிடித்தார்கள். படத்தைப் பார்த்தவர்கள் "ஐயோ பாவம், கவரேஜ் இல்லையே" என்று அனுதாபப்பட்டார்கள். எனக்கு அந்தப் படத்தில் பெரிதாகத் தெரிந்தவர் அந்த ஆசிரியை. பாடத்தை ஏற்றிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று வீட்டில் இருக்காமல், பிள்ளைகள் ஏறும் மலையில் தானும் ஏறினார் அல்லவா? என் ஆய்வு போக வேண்டிய பாதையை அந்தச் செய்தியும் எனக்குக் காட்டியது.

லொறி சத்தூட்டுமா?

கல்வித் தொழில்நுட்பத் துறையில் ஒரு பழைய வழக்கு உண்டு. 1983இல் ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். வானொலி, தொலைக்காட்சி, கணினி என்று எதனால் பாடம் வந்தாலும், அந்த ஊடகம் தானாகப் படிப்பை வளர்ப்பதில்லை. கடைக்குச் சாமான் ஏற்றிவரும் லொறி நம் உடம்புக்குச் சத்தைக் கூட்டுவதில்லை, அதுபோலத்தான் இதுவும் என்பது அவர் வாதம். ரொபர்ட் கொஸ்மா என்ற இன்னோர் அறிஞர் இதை ஏற்கவில்லை. ஒவ்வோர் ஊடகத்துக்கும் தனித் திறன் உண்டு, அதைச் சரியாகப் பயன்படுத்தினால் படிப்பும் மாறும் என்றார். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

நான் லயத்தில் இருந்து இந்த வாதங்களைப் படித்தேன். கொழுந்து லொறி தினமும் வந்து போகும் இடத்தில் கிளார்க்கின் உவமை நன்றாகவே விளங்கியது. ஆனால் லொறியே வராத தோட்டத்தில் சத்தைப் பற்றிப் பேச முடியாது என்பதும் விளங்கியது. லொறியும் வேண்டும். வந்த சாமானை ஆக்கிப் பரிமாற ஓர் ஆளும் வேண்டும்.

அந்த ஆள் யார்? படித்தவராகத்தான் இருக்க வேண்டுமா? இங்கேதான் நம் தமிழ் கேட்கும் ஓர் ஊர் உலக ஆய்வுலகத்தில் இடம் பிடித்திருக்கிறது. சுகதா மித்ரா, ரிது டங்வால் ஆகிய இந்திய ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் காளிக்குப்பம் என்ற கிராமத்தில் ஒரு சோதனை செய்து, அதை 2010இல் வெளியிட்டார்கள். தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைகளுக்கு, உயிரியல் பாடத்தை ஆங்கிலத்தில், கணினியில் வைத்தார்கள். ஆசிரியர் இல்லை. பிள்ளைகள் தாங்களாகவே தட்டிப் பார்த்துக் கொஞ்சம் கற்றார்கள். பிறகு உயிரியலே தெரியாத, ஆனால் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒரு பெண்ணைப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். அவர் கற்பிக்கவில்லை. பேரப்பிள்ளையின் கெட்டித்தனத்தைப் பார்க்கும் பாட்டியைப் போல, "அட, இது என்ன? எப்படிச் செய்தாய்? இன்னொரு முறை காட்டு" என்ற விதமாகக் கேட்டுக்கொண்டு நின்றார். பிள்ளைகளின் புள்ளிகள் மேலும் உயர்ந்தன. நகரத்துத் தனியார் பாடசாலையில் அந்தப் பாடத்தை முறையாகக் கற்ற பிள்ளைகளுக்கு ஈடாக வந்தன என்று அவர்கள் எழுதினார்கள். இந்த ஆய்வு வழியைச் சந்தேகிக்கும் அறிஞர்களும் உண்டு. ஆசிரியர் வேண்டாம் என்று சொல்ல இதைப் பயன்படுத்துவோருக்கு நானும் எதிர்ப்புத்தான். ஆனால் பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை.

ஏனென்றால் அவரை நான் ஒரு லயத்தில் நேரில் பார்த்தேன். தரம் 9 படிக்கும் ஒரு பிள்ளை. அவளுடைய அப்பாயிக்கு எழுத்து வாசனை கிடையாது. அறுபது வயது வரை கொழுந்து பறித்தவர். பேத்தி போனைத் திறந்தவுடன் பக்கத்தில் குந்திவிடுவார். "என்னா சொல்றாங்க புள்ள? எனக்கும் சொல்லு" என்பார். ஒளித்தொகுப்பு என்றால் என்னவென்று அந்தப் பிள்ளை அப்பாயிக்குச் சொல்லப் போய்த்தான், தனக்கே பாதி விளங்கவில்லை என்று கண்டுபிடித்தாள். மறுநாள் ஆசிரியருக்குக் குரல் பதிவு அனுப்பிக் கேட்டாள். அந்த லயத்தில் அவளுடையதைவிட நல்ல போன்கள் இருந்தன. அவ்வளவு ஒழுங்காகப் படித்த பிள்ளை வேறு இல்லை.

நம் முன்னோர் அறிந்திருந்தது

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. மலைநாட்டிலேயே கொத்மலை சமூக வானொலி என்று ஒன்று 1989இல் தொடங்கியது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியோடு அதற்கு இணையத் தொடர்பு கிடைத்தது. கிராமத்தவர் தம் சந்தேகங்களைக் கேட்பார்கள். நிலையத்தில் இருப்பவர் இணையத்தில் தேடி, நேயர்களுக்கு விளங்கும் மொழியில் வானொலியில் சொல்வார். இணையம் என்ற சொல்லே பலர் கேட்டிராத காலத்தில், இடையில் ஒரு மனிதரை நிறுத்தி, அதை வீட்டு ரேடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். உலகின் பல நாடுகள் இந்த முறையைக் கவனித்தன.

இன்னும் பின்னே போனால் நம் சமுதாயத்தின் அறபுத்தமிழைப் பாருங்கள். குர்ஆன் ஓதப் பழகிய நம் மூதாட்டிகள் அறபு எழுத்தை அறிந்திருந்தார்கள். தமிழ் எழுத்துப் படிக்கப் பள்ளிக்கூடம் போனதில்லை. எனவே தமிழை அறபு எழுத்தில் எழுதி, மார்க்க அறிவை அவர்களின் வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். இதைவிடச் சிறந்த கல்வித் தொழில்நுட்பம் எது? கற்பவர் எங்கே இருக்கிறாரோ அங்கே போனது. அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததில் இருந்து தொடங்கியது. வீட்டில் ஒரு பெண் வாசிக்க, சுற்றியிருந்து மற்றப் பெண்கள் கேட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, பெண்பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று வாதாடியபோது, அந்த வாதம் விழுந்த நிலம் முழுத் தரிசாக இருக்கவில்லை.

என் ஆய்வேட்டில் இந்த விஷயங்களுக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினேன். வெளிநாட்டுக் கோட்பாடுகளை மட்டும் அடுக்கினால் போதாதா என்று கேட்டவர்களும் உண்டு. நம் வீட்டில் இருப்பதை நாமே எழுதாவிட்டால் யார் எழுதுவார்?

கைநாட்டும் அமானிதமும்

இப்போது இந்தப் படிப்பின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

கொழும்புக்குப் போகும் நாள்களில் இரவு ரயில். கணவரோ தம்பியோ துணைக்கு வருவார்கள். ஏறக்குறைய 290 கிலோமீற்றர் பயணம். மேற்பார்வையாளரோடு பேசுவது ஒரு மணி நேரம். வேண்டிய ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவதென்றால் முப்பது, நாற்பது டொலர் கேட்பார்கள். 2022இல் டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது அந்த எண்ணத்தையே கைவிட்டேன். கட்டுரை எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்கப் பழகினேன். பெரும்பாலானோர் மனமுவந்து அனுப்பினார்கள். அதே 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஸுபஹுக்கு முன் எழுந்து, கரண்ட் இருக்கும் நேரத்தில் தட்டச்சு. இல்லாத நேரத்தில் மெழுகுதிரியும் கொப்பியும். கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பரீட்சையே தள்ளிப்போன காலம் அது. கொப்பியும் ஒரு கல்வித் தொழில்நுட்பம்தான் என்பதை நாடு முழுவதும் அப்போது உணர்ந்தது.

இவற்றையெல்லாம் தாங்கலாம். தாங்க முடியாத ஒன்று வேறு.

ஆய்வுக்குச் சம்மதம் வாங்க ஒரு படிவம் உண்டு. அதை வாசித்துக் காட்டி, பெற்றோரிடம் கையெழுத்தோ கைநாட்டோ பெற வேண்டும். ஒரு தாய் பெருவிரலை மையில் தோய்த்தபடியே கேட்டார்: "கைநாட்டு வாங்கிட்டுப் போறவங்க நெறயப் பேரு வந்தாங்க டீச்சர். திரும்பி வந்தவங்க இல்ல. நீங்க வருவீங்களா?" வருவேன் என்றேன். அந்த ஒரு சொல்லை விடப் பெரிய பரீட்சை எனக்குப் பல்கலைக்கழகத்தில் வைக்கப்படவில்லை.

அந்தத் தாயின் மகன் அப்போது தரம் 10. கணக்கில் கெட்டிக்காரன். 2021 இறுதியில் பாடசாலைகள் திறந்தபோது அவன் வரவில்லை. விசாரித்தால் டவுனில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறான். கடை நம்மவருடையது. வயது 15. கட்டாயக் கல்வி வயது 2016இலேயே 16 ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. வேலைக்குச் சேர்க்கும் ஆகக் குறைந்த வயதும் 2021இல் 16 ஆக்கப்பட்டது.

என் கணவரும் கடை வைத்திருப்பவர். அவரோடு போய் அந்த ஹாஜியாரைச் சந்தித்தேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. "நான் அவனுக்கு மூணு நேரமும் சோறு குடுக்கிறன், தங்க இடம் குடுக்கிறன், மாசம் முடிய ஊட்டுக்குக் காசும் அனுப்புறன். லயத்துல சும்மா கெடந்தா என்ன ஆவான்?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. என் கணவர் மெதுவாகச் சொன்னார்: "ஹாஜியார், உங்கட மகனும் பத்தாம் ஆண்டுதானே?" அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். ஜனவரியில் பையனை அனுப்பினார். சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை மாதாமாதம் அந்தக் குடும்பத்துக்குக் காசும் அனுப்பினார். அல்லாஹ் அவருக்குப் பரக்கத் செய்வானாக.

பையனிடம் நான் கேட்டேன்: "பாடமெல்லாம் போனில் வரவில்லையா?" அவன் சொன்ன பதிலைத்தான் என் ஆய்வேட்டின் நடுத்தூணாக வைத்திருக்கிறேன்: "வந்திச்சு டீச்சர். எல்லாம் வந்திச்சு. படிச்சியான்னுதான் யாரும் கேக்கல."

அவன் எழுதினான். எல்லாப் பாடமும் சித்தியடையவில்லை. கணக்கில் நல்ல சித்தி. இப்போது தொழிற்பயிற்சி முடித்து வேலையில் இருக்கிறான். உயர்தரம் போக வேண்டிய பிள்ளை, போகவில்லை. இழந்த இரண்டு ஆண்டுகளை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அவன் பெயரையோ தோட்டத்தையோ நான் எங்கும் எழுதமாட்டேன். அது ஆய்வு விதி. எனக்கு அது அமானிதமும்கூட.

மாமியின் கேள்வி

அந்த ஆண்டில் நான் இந்தப் படிப்பை விட்டுவிட நினைத்தேன். பிள்ளைகளின் துன்பத்தை எழுதி எனக்கு ஒரு பட்டமா என்று மனம் குத்தியது. எழுதிய அத்தியாயம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. வீட்டில் வேலை, வெளியில் வேலை. யாரிடமும் சொல்லவில்லை.

என் மாமி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நான் மேசையில் இருந்து எழும்பும் ஒவ்வோர் இரவும், தஸ்பீஹை உருட்டிக்கொண்டே, "இண்டைக்கு என்னத்த எழுதின மகள்? எனக்கும் சொல்லேன்" என்பார். அவருக்கு விளங்கும்படி சொல்லப் போனால், எனக்கு எது விளங்கவில்லை என்று எனக்கே தெரிந்துவிடும். நான் எழுதாத நாள்களில், "இண்டைக்கு ஒண்டும் இல்ல மாமி" என்று சொல்ல வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்துக்காகவே ஒரு பந்தி எழுதிய இரவுகள் உண்டு. ஆங்கிலத்தில் ஏறக்குறைய முந்நூறு பக்கம் அப்படித்தான் சேர்ந்தது. லயத்தில் அந்த அப்பாயி செய்ததையே என் வீட்டில் மாமி செய்துகொண்டிருந்தார். பன்னிரண்டாம் மட்டத்தில் படிப்பவளுக்கும் அதுவே தேவைப்பட்டது.

"இன்னும் என்னத்தப் படிக்க?" என்று கேட்டவர்களுக்கு இதுதான் என் பதில். ஒரு பிள்ளை ஏன் படிப்பை விட்டுப் போகிறது என்பதை ஊகமாகச் சொல்லாமல் ஆதாரத்தோடு சொல்ல ஆள் வேண்டும். அந்தப் பிள்ளை பேசும் மொழி தெரிந்த ஆளாக, இந்த மண்ணில் இருக்கும் ஆளாக அவர் இருந்தால் நல்லது. நம் பெண்களில் இருந்தும் அப்படிச் சிலர் வரட்டுமே!

சகோதரிகளே, சகோதரர்களே! உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

உங்கள் பிள்ளைக்கு போனோ டப்லெட்டோ வாங்கிக் கொடுத்துவிட்டால் படிப்புக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். பாடம் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பதினைந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள்.

உங்கள் வீட்டில் ஒரு பெண் மேற்படிப்புப் படித்தால், அவளுக்கு ஓய்வு கொடுக்க முடியாவிட்டாலும் காது கொடுங்கள். "எப்போது முடியும்?" என்று கேட்பதைவிட, "இன்று எதை எழுதினாய்?" என்று கேட்பது அவளுக்குப் பெரிய உதவி.

உங்கள் கடையிலோ வீட்டிலோ தோட்டத்துப் பிள்ளை ஒன்று வேலைக்கு நின்றால், அதன் வயதைக் கேளுங்கள். பதினாறுக்குக் குறைவாக இருந்தால் பாடசாலைக்குத் திருப்பி அனுப்புங்கள். முடிந்தால் அந்த ஹாஜியாரைப் போல, பரீட்சை வரை அந்தக் குடும்பத்தைத் தாங்குங்கள். அதற்கான கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது.

என் ஆய்வேடு இப்போது இறுதித் திருத்தத்தில் இருக்கிறது. அது ஆங்கிலத்தில் இருப்பதால், கைநாட்டு வைத்த தாய்மார் அதை வாசிக்க முடியாது. எனவே அதன் சாரத்தைத் தமிழில் பதினான்கு பக்கங்களாக எழுதியிருக்கிறேன். பாடசாலை அதிபர்களோடு பேசி நாளும் குறித்தாகிவிட்டது. பட்டமளிப்பு விழாவுக்கு முன்னமே அந்தத் தோட்டங்களுக்குப் போய், வேலை விட்டு வரும் நேரத்தில், அவர்கள் முன்னிலையில் அதை வாசித்துக் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ். நான் எழுதியது பிழை என்றால் அவர்கள் சொல்லட்டும். திருத்திக்கொள்கிறேன்.

பயன் தரும் அறிவை வல்ல அல்லாஹ் நமக்கும், நம்மோடு தமிழ் பேசும் அந்தப் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.